எடை குறைப்புத் திட்டங்கள்: கட்டணம் செலுத்துமுன் கணக்குப் பார்ப்போம்

ஒருவர் நம்மிடம் வந்து, தம் நிறுவனத்தில் பணம் போட்டால் மூன்று மாதத்தில் நல்ல ஆதாயம் கிடைக்கும் என்று கூறினால், நாம் உடனே சில கேள்விகளைக் கேட்கிறோம். இதுவரை எத்தனை பேர் பணம் போட்டனர்? அவர்களுள் எத்தனை பேருக்கு ஆதாயம் கிடைத்தது? இழந்தவர்கள் எத்தனை பேர்? அதே பணத்தை வைப்புநிதியில் இட்டிருந்தால் என்ன வந்திருக்கும்? இக்கேள்விகளுக்கு விடை கிடைக்காத இடத்தில் நம் சேமிப்பை ஒப்படைப்பதில்லை. ஆனால், மூன்று மாதத்தில் பத்துக் கிலோ எடை குறையும் என்று ஒரு விளம்பரம் கூறும்போது, இவற்றுள் ஒன்றையும் கேட்காமல் முன்பணம் செலுத்திவிடுகிறோம். எடை குறைப்புத் திட்டம் ஒன்றின் வாக்குறுதியை எவ்வாறு சோதித்து அறிவது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அத்தகைய சோதனை ஒன்று, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி வாடிக்கையாளர்களின் ஊர்ப்புறத்திலேயே நடந்துள்ளது என்பது பலர் அறியாத செய்தி.

எல்லையின் இருபுறமும்

நெய்யாற்றின்கரையிலிருந்து அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குச் செல்லும் நெடுஞ்சாலை இரு மாநிலங்களை இணைக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு வரையப்பட்டாலும் உறவும் உணவும் பிரியவில்லை. மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும், தேங்காய் அரைத்த கூட்டும், மாலைத் தேநீரோடு ஏத்தன்பழ பஜ்ஜியும் இருபுறத்து வீடுகளிலும் உண்டு. உடல் எடை என்னும் கவலையும் இருபுறத்துக்கும் பொதுவாகிவிட்டது.

2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கேரளத்தில் பெண்களுள் 38.1 விழுக்காட்டினரும் ஆண்களுள் 36.4 விழுக்காட்டினரும் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையவர்கள். தமிழ்நாட்டில் இவ்விகிதம் முறையே 40.4, 37.0 விழுக்காடு. நாடு தழுவிய அளவில் பெண்களுக்கு 24.0, ஆண்களுக்கு 22.9 விழுக்காடு. எனவே எல்லையின் எப்புறம் வாழ்ந்தாலும் நாட்டின் சராசரியைக் காட்டிலும் நம் நிலை கவலைக்குரியது.

இவ்வாய்வு உடல் நிறைக் குறியீட்டெண் 25 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களைக் கணக்கில் கொண்டது. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் இருமடிப் பெருக்கத்தால் வகுத்தால் இவ்வெண் கிடைக்கும். 160 சென்டிமீட்டர் உயரமும் 64 கிலோ எடையும் உள்ளவருக்குக் குறியீட்டெண் சரியாக 25. இந்தியர்களின் உடலில், குறைந்த எடையிலேயே வயிற்றுப் பகுதியில் கொழுப்புச் சேர்ந்து நீரிழிவுக்கு வழி வகுக்கிறது. ஆதலால், 23 முதலே மிகை எடை என்றும், 25 முதல் உடற்பருமன் என்றும் கொள்ள வேண்டுமென 2009இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் ஒருமித்துப் பரிந்துரைத்தனர். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டுவது எச்சரிக்கைக் குறியாகும்.

கவலை பெருகும் இடத்தில் வணிகமும் பெருகும். உணவுப் பட்டியல் தரும் நிலையங்கள், உணவுக்கு மாற்றாகப் பொடி விற்போர், உடற்பயிற்சிக் கூடங்கள், கைபேசிச் செயலிகள் எனப் பல வகையினர் இன்று நம்மை அழைக்கின்றனர். இவர்கள் அனைவரும் ஏமாற்றுவோர் என்று கூறுவது நியாயமன்று. பயன் தருவனவும் இவற்றுள் உண்டு. எது பயன் தருவது என்பதை எவ்வாறு அறிவது என்பதே கேள்வி.

படங்கள் ஏன் சான்றாகா

இத்தகைய விளம்பரங்களில் தவறாது இடம்பெறுவது இரு படங்கள்: திட்டத்தில் சேருமுன் எடுத்தது ஒன்று, பின்னர் எடுத்தது மற்றொன்று. அவை பொய்யாகவே இருக்க வேண்டியதில்லை. உண்மையான படங்களாயினும் அவை சான்றாக மாட்டா. அதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, சேர்ந்தோர் அனைவருடைய படங்களும் அங்கே இல்லை. நூறு பேருள் மிக நன்றாக இளைத்த இருவரின் படங்களே சுவரேறுகின்றன. இடையில் விலகியவர்கள் பெரும்பாலும் எடை குறையாதவர்கள். அவர்கள் கணக்கிலிருந்தே மறைந்துவிடுகின்றனர்.

இரண்டாவது, திட்டத்தில் சேராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் படம் சொல்லாது. ஒருவர் தம் எடை மிக உயர்ந்திருக்கும் நேரத்தில்தான் கவலையுற்றுத் திட்டத்தை நாடுகிறார். அந்தக் கவலையே அவரை நடக்கவும் சோற்றின் அளவைக் குறைக்கவும் தூண்டும். திருமண வீடுகளும் பண்டிகைகளும் முடிந்த பின் எடை ஓரளவு தானாகவே இறங்குவதும் உண்டு. இவ்வளவும் திட்டத்தின் வரவாகவே எழுதப்படுகிறது.

மூன்றாவது, காலம். மூன்றாம் மாதத்தில் எடுத்த படம் மூன்றாம் ஆண்டின் நிலையைக் காட்டாது. இழந்த எடை மெல்ல மெல்லத் திரும்பி வருவது உடலின் இயல்பு. எடை குறையும்போது உடல் செலவிடும் ஆற்றலும் குறைகிறது, பசியோ கூடுகிறது.

ஒரு கற்பனைக் கணக்கு

இதை எண்களில் பார்ப்போம். பின்வருவது விளக்கத்துக்காக நாம் அமைத்துக்கொண்ட கணக்கே; எந்த நிறுவனத்தையும் குறிப்பதன்று.

ஒரு நிலையத்தில் நூறு பேர் தலைக்கு 12,000 ரூபாய் செலுத்திச் சேர்கின்றனர் என்று கொள்வோம். அறுபது பேர் இடையில் நின்றுவிடுகின்றனர். அவர்கள் எடையில் மாற்றமில்லை. இறுதிவரை இருந்த நாற்பது பேர் சராசரியாக 6 கிலோ இழக்கின்றனர். ‘எங்கள் திட்டத்தை நிறைவு செய்தோர் சராசரியாக 6 கிலோ குறைந்தனர்’ என்று நிலையம் அறிவிக்கிறது. அது பொய்யன்று. அக்கணக்கின்படி ஒரு கிலோவுக்கு ஆகும் செலவு 2,000 ரூபாய்.

இப்பொழுது பணம் செலுத்திய நூறு பேரையும் கணக்கில் கொள்வோம். மொத்தம் குறைந்தது 240 கிலோ, தலைக்கு 2.4 கிலோ. இதே போன்ற வேறு நூறு பேர், எத்திட்டத்திலும் சேராமல் தாமாகவே முயன்று தலைக்கு 1 கிலோ குறைந்தனர் எனில், திட்டத்தால் விளைந்த நிகரப் பயன் 1.4 கிலோ மட்டுமே. நூறு பேர் செலுத்திய 12 லட்சம் ரூபாயை 140 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 8,570 ரூபாய் ஆகிறது. விளம்பரக் கணக்குக்கும் நிகரக் கணக்குக்கும் நான்கு மடங்குக்கு மேல் வேறுபாடு. வரவை மட்டும் காட்டிச் செலவை மறைத்த ஐந்தொகைக்கு இது ஒப்பாகும்.

இப்பிழையை நீக்குவதற்கே மருத்துவ ஆய்வாளர்கள் ஒரு முறையைக் கையாளுகின்றனர். பங்கேற்போரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கின்றனர். ஒரு குழு திட்டத்தைப் பெறும்; மற்றது வழக்கமான ஆலோசனையை மட்டும் பெறும். யார் எக்குழு என்பதைப் பங்கேற்பவரும் தேர்வதில்லை, ஆய்வாளரும் தேர்வதில்லை. ஆதலின் ஊக்கமுடையோர் ஒரே பக்கம் சேர்ந்துவிட இயலாது. ஓராண்டு, இரண்டாண்டு கழித்து இரு குழுக்களையும் ஒப்பிட்டு, விலகியவர்களையும் விடாமல் கணக்கிடுகின்றனர். அப்போது தெரியும் வேறுபாடே திட்டத்தின் உண்மையான பயன்.

வெளிநாடுகளில் கண்டது

வணிக நோக்கில் நடத்தப்படும் திட்டங்கள் இம்முறையில் பிரிட்டனிலும் பிற நாடுகளிலும் சோதிக்கப்பட்டுள்ளன. 2011இல் வெளியான ஓர் ஆய்வில் ஆஸ்திரேலியா, ஜெர்மனி, பிரிட்டன் ஆகிய நாடுகளைச் சேர்ந்த 772 பேர் பங்கேற்றனர். ஒரு குழுவினருக்கு வெயிட் வாட்சர்ஸ் என்னும் வணிகக் குழுத் திட்டம் ஓராண்டு இலவசமாக அளிக்கப்பட்டது. மற்றவர்கள் தம் மருத்துவரிடம் வழக்கமான ஆலோசனை பெற்றனர். அனைவரையும் கணக்கில் கொண்டபோது, முதற்குழு சராசரியாக 5.1 கிலோவும் இரண்டாம் குழு 2.2 கிலோவும் குறைந்திருந்தன. ஆகவே திட்டம் பயன் தந்தது. ஆயினும் அதன் நிகரப் பயன் ஏறத்தாழ 3 கிலோவே. இலவசமாகக் கிடைத்தும் அத்திட்டத்தில் 61 விழுக்காட்டினரே இறுதிவரை நின்றனர். இவ்வாய்வுக்கு அந்நிறுவனமே நிதியளித்தது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

அதே ஆண்டில் பர்மிங்காம் நகரில் 740 பேரைக் கொண்டு பல திட்டங்கள் 12 வாரங்களுக்கு ஒப்பிடப்பட்டன. ஒப்பீட்டுக் குழுவினருக்கு அளிக்கப்பட்டவை உடற்பயிற்சி மையத்துக்கான 12 இலவச அனுமதிச் சீட்டுகள் மட்டுமே. வணிகக் குழுத் திட்டங்கள், மருத்துவர் அறையிலும் மருந்தகத்திலும் தனியே தரப்பட்ட ஆலோசனையைக் காட்டிலும் கூடுதலாக எடையைக் குறைத்தன, செலவும் குறைவு. ஆனால் ஓராண்டு முடிவில், அனுமதிச் சீட்டு மட்டும் பெற்ற குழுவைத் தெளிவாக விஞ்சி நின்றது ஒரே ஒரு திட்டந்தான்.

2017இல் வெளியான மற்றொரு பிரிட்டன் ஆய்வு 1,267 பேரை மூன்றாகப் பிரித்தது. சுய உதவிக் கையேடு மட்டும் பெற்றோர் ஓராண்டில் 3.26 கிலோவும், 12 வாரத் திட்டம் பெற்றோர் 4.75 கிலோவும், 52 வாரத் திட்டம் பெற்றோர் 6.76 கிலோவும் குறைந்தனர். ஐந்தாண்டுகள் கழித்து மீண்டும் பார்த்தபோது இவை முறையே ஏறத்தாழ அரைக் கிலோ, 2 கிலோ, 2.7 கிலோ எனச் சுருங்கியிருந்தன. நீண்ட திட்டம் சிறிது மேம்பட்டே நின்றது. எனினும் முதலாண்டின் ஆதாயத்துள் பெரும்பகுதி கரைந்துவிட்டது.

இவற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை மூன்று: குழுவாகக் கூடி வாரந்தோறும் எடை பார்க்கும் திட்டங்கள் ஓரளவு உதவுகின்றன, அவ்வுதவி விளம்பரங்கள் கூறுவதைக் காட்டிலும் சிறியது, அதைக் காத்துக்கொள்ள நெடுங்கால முயற்சி வேண்டும். எனினும் இவை வேறு உணவு, வேறு வாழ்க்கை உடைய மக்களிடையே நடந்தவை. நம் ஊர்ப்புறத்தில் என்ன ஆகும் என்பதை அறிய, நம் ஊர்ப்புறத்துச் சோதனையையே நாட வேண்டும்.

நெய்யாற்றின்கரை வட்டத்தில் நடந்த சோதனை

கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்னும் பெயரில் அத்தகைய சோதனை நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே நடைபெற்றது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் அச்சுத மேனோன் மையமும் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களும் இணைந்து இதனை நடத்தின. இது வணிகத் திட்டம் அன்று. பங்கேற்றோர் கட்டணம் செலுத்தவில்லை. இதன் முதன்மை நோக்கமும் எடையைக் குறைப்பதன்று, நீரிழிவைத் தடுப்பதே. ஆயினும் உணவு, உடலுழைப்பு, குழு ஊக்கம் என்று வணிகத் திட்டங்கள் விற்கும் அதே பொருள்களை இது கையாண்டது. ஆதலின் நமக்கு மிக நெருங்கிய சான்று இதுவே.

2013இல் பங்கேற்பாளர்களைச் சேர்க்கும் பணி நடந்தது. வட்டத்திலிருந்து 60 வாக்குச்சாவடிப் பகுதிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. தனி மனிதர்களைக் குலுக்காமல் பகுதிகளைக் குலுக்கியதற்குக் காரணம் உண்டு. அடுத்தடுத்த வீட்டாருள் ஒருவர் திட்டத்திலும் மற்றவர் ஒப்பீட்டுக் குழுவிலும் இருப்பின், மாலையில் வேலியோரம் நின்று பேசும்போதே ஆலோசனை கைமாறிவிடும். பகுதி முழுவதும் ஒரே குழுவாக இருந்தால் அக்கலப்பு நேராது.

30 முதல் 60 வயது வரை உள்ளவர்களுக்கு, வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, குடும்பத்தில் நீரிழிவு ஆகிய நான்கைக் கொண்டு மதிப்பெண் இடப்பட்டது. இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண் என்னும் இம்முறை சென்னையில் உருவாக்கப்பட்டது. நூற்றுக்கு 60 அல்லது அதற்கு மேல் பெற்றோருக்கு இரத்தச் சோதனை செய்து, ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களை நீக்கிய பின் 1,007 பேர் தெரிவு செய்யப்பட்டனர். அவர்களுள் 500 பேர் திட்டக் குழுவிலும் 507 பேர் ஒப்பீட்டுக் குழுவிலும் அமைந்தனர்.

திட்டக் குழுவினர் ஓராண்டில் 15 முறை கூடினர். தொடக்கக் கூட்டமும் வல்லுநர் நடத்திய இரு வகுப்புகளும் நீங்கலாக எஞ்சிய 12 கூட்டங்களையும் நடத்தியோர், அவ்வூரிலிருந்தே தெரிந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்ற சாதாரண மக்களே. ஒப்பீட்டுக் குழுவினருக்கு ஒரு கைப்புத்தகம் வழங்கப்பட்டது. இரண்டாண்டு இறுதியில் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டோரை ஆய்வாளர்கள் மீண்டும் சந்தித்தனர் என்பது சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது.

முடிவு 2018இல் வெளியாயிற்று. இரண்டாண்டில் நீரிழிவு கண்டோர் ஒப்பீட்டுக் குழுவில் 17.1 விழுக்காடு, திட்டக் குழுவில் 14.9 விழுக்காடு. நூற்றுக்கு இரண்டு பேர் வேறுபாடு. இவ்வளவு சிறிய வேறுபாடு தற்செயலாகவும் ஏற்பட்டிருக்கக் கூடும் என்பதால், திட்டம் நீரிழிவைக் குறைத்தது என்று உறுதியாகக் கூற இயலாதென ஆய்வாளர்களே அறிவித்தனர்.

இவ்விடத்தில் சற்று நின்று சிந்திப்போம். ஒப்பீட்டுக் குழு இல்லாதிருந்தால் இம்முடிவை எவ்வாறு விளம்பரம் செய்திருக்கலாம்? ‘எங்கள் திட்டத்தில் சேர்ந்த நூற்றுக்கு 85 பேரை நீரிழிவு அண்டவில்லை’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கலாம். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் திட்டத்தில் சேராத நூற்றுக்கு 83 பேரையும் அது அண்டவில்லை. ஒப்பிட்டுப் பார்க்காத எண் எத்துணை எளிதில் நம்மை மயக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

திட்டம் வீணாயிற்று என்பதும் பொருளன்று. திட்டக் குழுவினரிடையே நீரிழிவு இடர் மதிப்பெண் கூடுதலாகக் குறைந்தது. மதுப் பழக்கம் குறைந்தது. நாள்தோறும் ஐந்து பங்கு காய்கனி உண்போர் பெருகினர். அன்றாட உடலியக்கத் திறனும் மேம்பட்டது. இப்பயன்களின் வரிசையில் உடல் எடை இடம்பெறவில்லை. இவ்வளவுக்கும் ஆன செலவு ஒருவருக்கு 22.5 அமெரிக்க டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,400 ரூபாய்.

சென்னையில் கிடைத்த விடை

இதனோடு சென்னையில் நடந்த இரு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்ப்பது பொருந்தும். மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர் பங்கேற்றனர். மூன்றாண்டில் நீரிழிவு கண்டோர் ஒப்பீட்டுக் குழுவில் 55.0 விழுக்காடு, உணவையும் உடலுழைப்பையும் சீர்செய்த குழுவில் 39.3 விழுக்காடு. குறிப்பிடத்தக்க எடைக் குறைவு இல்லாமலே இப்பயன் விளைந்தது என்பது வியப்புக்குரியது. எடை பார்க்கும் கருவியின் முள் நகராத போதும், நடைப்பயிற்சியும் நல்லுணவும் உள்ளே பணி செய்துகொண்டிருக்கக் கூடும்.

சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், மிகை எடையும் நீரிழிவுக்கு முந்தைய நிலையும் உடைய 578 பேர் பங்கேற்றனர். குழு வகுப்புகளும், தேவைப்பட்டோருக்கு மெட்ஃபார்மின் மாத்திரையும் அளிக்கப்பட்டன. நீரிழிவு கண்டோர் ஒப்பீட்டுக் குழுவில் 34.9 விழுக்காடு, திட்டக் குழுவில் 25.7 விழுக்காடு. இவ்விரண்டு ஆய்வுகளிலும் இரத்தச் சர்க்கரை ஏற்கெனவே உயர்ந்திருந்தவர்களே இடம்பெற்றனர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். யாருக்கு எத்திட்டம் என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது.

கட்டணம் செலுத்துமுன் கேட்க வேண்டியவை

இவற்றின் அடிப்படையில், எந்த எடை குறைப்பு நிலையத்திலும் பின்வரும் கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம்.

சேர்ந்தோர் எத்தனை பேர். நிறைவு செய்தோர் எத்தனை பேர்? கூறப்படும் சராசரி, சேர்ந்த அனைவருக்கும் உரியதா, எஞ்சியவர்களுக்கு மட்டும் உரியதா?

ஓராண்டு கழித்து அவர்கள் எடையைப் பார்த்தீர்களா? மூன்று மாத எண்ணை மட்டும் கூறினால், அது பாதிக் கணக்கு.

திட்டத்தில் சேராதவர்களோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டதா? எங்கே, யாருடைய நிதியில்?

வாரத்துக்கு எவ்வளவு குறையும் என்கிறீர்கள்? வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ வரை குறைவதே பொதுவாகப் பாதுகாப்பான வேகமாகக் கொள்ளப்படுகிறது.

ஆலோசனை கூறுபவரின் கல்வித் தகுதி யாது? நம் வீட்டு அடுக்களையில் உள்ள அரிசியையும் மீனையும் கீரையையும் கொண்டு உணவுப் பட்டியல் அமைப்பாரா, அல்லது அவர் விற்கும் பொடியை வாங்கினால்தான் திட்டம் நடக்குமா?

இடையில் விலகினால் எவ்வளவு பணம் திரும்பும்? இதற்கான விடையை எழுத்தில் பெறுவது இன்றியமையாதது.

நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்வோர், சிறுநீரக நோயுற்றோர், கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைக்கலாகாது. மாத்திரையின் அளவு மாறாமல் உணவு மட்டும் குறைந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையிலும் உள்ள அரசு மருத்துவமனைகளில் முதலில் சோதித்துக்கொள்வது அறிவுடைமை.

பணமும் சட்டமும்

வங்கி என்னும் நிலையில் சில செய்திகளைக் கூறுவது நம் கடமை. ஓராண்டுக் கட்டணத்தை ஒரே தவணையில் செலுத்துவதைக் காட்டிலும் மாதந்தோறும் செலுத்துவது நலம்; சலுகை சிறிது குறையினும் விலகும் உரிமை நம் கையில் இருக்கும். அட்டை அல்லது யுபிஐ வழியாகத் தானாகவே பணம் பிடிக்க அனுமதி அளித்திருந்தால், ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன் அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அவ்வறிவிப்பைப் படியாமல் அழித்துவிடக் கூடாது. அனுமதியை எப்போது வேண்டுமானாலும் நாம் திரும்பப் பெறலாம். வட்டியில்லாத் தவணை என்று கூறப்படும்போது, அது நம் பெயரில் பெறப்படும் கடன் என்பதை உணர வேண்டும். திட்டத்தைக் கைவிட்டாலும் தவணை நிற்காது. செலுத்தத் தவறினால் கடன் மதிப்பீடு குறையும்.

உடற்பருமனைக் குணப்படுத்தும் என்று மருந்துகளை விளம்பரம் செய்வதை, 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டம் தடை செய்கிறது. அச்சட்டத்தின் அட்டவணையில் நீரிழிவும் உடற்பருமனும் பெயர் குறித்தே இடம்பெற்றுள்ளன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம்.

எல்லைப்புற மக்களுக்கு அதே சட்டம் மற்றொரு வசதியைத் தந்துள்ளது. பாறசாலையில் குடியிருப்பவர் மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ உள்ள நிலையத்தில் பணம் செலுத்தி ஏமாற்றப்பட்டால், தமிழ்நாட்டுக்கு அலைய வேண்டியதில்லை; தாம் வசிக்கும் திருவனந்தபுரம் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் மனுக் கட்டணம் இல்லை. குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் மனு அளிக்க வேண்டும். முதற்கட்ட உதவிக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். இவை அனைத்துக்கும் பற்றுச்சீட்டும் விளம்பரத் தாளும் சான்றாகும். அவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும்.

ஒருவர் எடை குறைக்க விரும்புவது நல்ல எண்ணம். அதற்காகப் பிறர் துணையை நாடுவதிலும் தவறில்லை. ஊரார் சிலர் கூடி, வாரம் ஒருமுறை எடை பார்த்து, நாள்தோறும் சேர்ந்து நடந்தாலே, வணிகத் திட்டங்களின் பயனுள்ள பகுதியில் பெரும்பங்கு கைவரும். நெய்யாற்றின்கரைச் சோதனை காட்டியபடி அதற்காகும் செலவும் சிறிது. அதற்கு மேலும் பணம் செலுத்த விரும்புவோர், வைப்புநிதிக்கு விண்ணப்பிக்குமுன் வட்டி விகிதம் கேட்பதுபோல், ஓராண்டு கழித்து நிகரமாக எஞ்சுவது எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கையொப்பமிடுவார்களாக.